பீளைக்கு ஒரு சொல்

யார்க்,
பிப்ரவரி 4, 1893

அன்புள்ள அக்கா கெசையாவுக்கு,

தம்பி ஆம்ப்ரோஸ் எழுதுவது. நான் சுகம். ஷெஃபீல்டில் பனி கடுமை என்று செய்தித்தாளில் பார்த்தேன். மூன்று கிறிஸ்துமஸாக நான் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை என்று உனக்குக் கோபம் இருக்கும். அதை இப்போது பேச வேண்டாம்.

விஷயம் இது. எங்கள் வட்டார அகராதியில் கண்ணுக்கும் பார்வைக்கும் உரிய பழைய சொற்களைத் தனிப் பகுதியாக அச்சிடப்போகிறோம். பாதிரியார் பென்தோர்ப் அதை என் பொறுப்பில் விட்டிருக்கிறார். எட்டு வருஷமாக மற்றவர்கள் எழுதியதைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தவன் நான். இந்தப் பகுதியின் முகப்பில் என் பெயரே வரும். புத்தகங்களில் இருப்பதையெல்லாம் எடுத்தாகிவிட்டது. இனி ஜனங்களின் வாயில் இருப்பதுதான் வேண்டும். சாணைப் பட்டறைக்காரர்களைப் போலக் கண்ணைப் பற்றிப் பேசுகிறவர்கள் வேறு யார்?

இதோடு நூறு துண்டுச்சீட்டுகள் வைத்திருக்கிறேன். ஒரு சீட்டுக்கு ஒரு சொல். சொல், பொருள், எந்தச் சமயத்தில் சொன்னார்கள் என்று எழுது. கீழே ‘தந்தவர் பெயர், தொழில், குடும்பம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். சொல் பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கு எப்படி இறங்குகிறது என்று பார்ப்பதில் பாதிரியாருக்கு ஒரு பித்து. அந்தக் கட்டத்தை மட்டும் நீ தொடாதே, இங்கே நான் நிரப்பிக்கொள்கிறேன். மற்றபடி கேட்டதைக் கேட்டபடி எழுது. ஒன்றையும் திருத்தாதே.

சீட்டுகளை அலுவலக முகவரிக்கு அனுப்பு. அவற்றைப் பாதிரியார் தம் கையாலேயே பிரிப்பார். அவர் பிரித்துப் பார்க்கும் வரை வேறு யாரையும் தொட விடமாட்டார். அதனால் சொந்த விஷயம் எதுவும் அந்தச் சீட்டுக் கட்டுக்குள் வேண்டாம். எனக்கு எழுதுவதை என் அறை முகவரிக்கு அனுப்பு.

அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

ஆம்ப்ரோஸ்


ரிவெலின் கரை, ஷெஃபீல்டு,
பிப்ரவரி 9

ஆம்ப்ரோஸுக்கு,

அப்பாவைக் கேட்டதாகச் சொன்னேன். “எதக் கேட்டான்?” என்றார். “சொல்லு கேட்டான்” என்றேன். “அப்போ நல்லாத்தான் இருக்கான்” என்றார்.

ஒன்பது சீட்டு எழுதி உன் அலுவலகத்துக்கு இன்றைக்கே போட்டுவிட்டேன். கண்களை நாம் ‘ஈன்’ என்போம், அது உனக்கே தெரியும், துரைமார்களோடு இருந்து மறக்காமல் இருந்தால். கூர்ந்த பார்வைக்காரனை ‘க்ளெக்’ என்போம். மாறுகண்ணை ‘ஸ்கெல்லி’ என்போம். பீளையை ‘கௌண்ட்’ என்போம். கடைசிச் சொல் இந்த வாரம் நம் வீட்டில் தினமும் புழங்குகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை சாணையிலிருந்து ஒரு பொறி தெறித்து அப்பாவின் வலது கண்ணில் ஏறிவிட்டது. இடது கண்ணில் பூ விழுந்து ஆறு வருஷம் ஆகிறது, நினைவிருக்கிறதா? மிச்சம் இருப்பது அந்த ஒற்றைக் கண்தான். பட்டறையில் எல்லார் கண்ணிலும் தூசி எடுக்கும் இஸ்ரேல் பேனாக்கத்தி முனையை விட்டுக் கிளறியிருக்கிறான். வரவில்லை. வீட்டுக்கு வந்தார். நான் மெருகு வேலை முடிந்து, இடுப்பில் கட்டிய காகித ஏப்ரனைக் கூட அவிழ்க்காமல், அவர் தலையை மடியில் சாய்த்து இமையைப் புரட்டி, நாக்கால் துழாவி எடுத்தேன். அம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்தது. இரும்பும் உப்புமாக வாயில் வந்தது. துப்பிப் பார்த்தேன், கடுகில் பாதி இருந்தது.

தூசி வந்துவிட்டது, ஆனால் கண் ஆறவில்லை. இஸ்ரேலின் கத்தியா, என் நாக்கா, எது செய்ததோ தெரியவில்லை. கருவிழியில் வெள்ளையாக ஒரு புண். காலையில் இமை ஒட்டிக்கொண்டு திறக்கவே மாட்டேன் என்கிறது. சங்கத்து டாக்டர் பார்த்துவிட்டு, “மூணு வாரத்துக்குள்ள யார்க் கண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போம்மா, அப்புறம் கடவுளாலயும் ஆகாது” என்றார். அங்கே சந்தா கட்டும் பெரிய மனிதரின் சிபாரிசுக் கடிதம் இல்லாமல் வாசற்படி ஏற விடமாட்டார்களாம். எங்கள் முதலாளி இந்த வருஷத்துக் கடிதங்களை எல்லாம் ஏற்கெனவே கொடுத்து முடித்துவிட்டார்.

உன் பாதிரியாரிடம் அப்படிப்பட்ட கடிதங்கள் மேஜை நிறையக் கிடக்கும் என்று நீயே முன்பு பெருமையாக எழுதினாய். ஒன்று வாங்கி அனுப்பு. ஒன்றே ஒன்று.

கெசையா


யார்க்,
பிப்ரவரி 13

அன்புள்ள அக்கா,

உன் சீட்டுகள் வந்தன. ‘கௌண்ட்’! பாதிரியார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அது ஆயிரம் வருஷத்துச் சொல். பழைய ஏடுகளில் சீழ் என்ற பொருளில் இருப்பது, இன்னும் ஒரு மனிதன் வாயில் உயிரோடு இருக்கும் என்று அவர் நினைக்கவே இல்லை. என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எட்டு வருஷத்தில் முதல் தடவை.

ஆனால் அக்கா, அந்த நாக்கு விஷயத்தை நீ அவ்வளவு விவரமாக எழுதியிருக்க வேண்டாம். உன் கடிதத்தைக் காலைச் சாப்பாட்டு மேஜையில் பிரித்தேன். முட்டையை அப்படியே தள்ளி வைத்துவிட்டேன். உலகம் எங்கேயோ போய்விட்டது, நீங்கள் இன்னும் ஒருவர் கண்ணை ஒருவர் நக்கிக்கொண்டிருக்கிறீர்கள். குமட்டுகிறது. இருந்தாலும், அந்தச் செயலுக்கென்று தனிச் சொல் இருக்கிறதா? இருந்தால் ஒரு சீட்டு எழுது. பீளை மஞ்சளாக இருந்தால் ஒன்று, பச்சையாக இருந்தால் ஒன்று என்று வெவ்வேறு சொற்கள் உண்டா?

பாதி பார்வைக்கு ‘மணற்குருடு’ என்று அப்பா சொல்வது நினைவிருக்கிறது. அதில் வரும் மணல் உண்மையில் மணலே அல்ல. ‘பாதி’ என்று பொருள்படும் பழஞ்சொல் ஒன்று தேய்ந்து அப்படியானது. அப்பாவிடம் சொல், ஆச்சரியப்படுவார்.

சிபாரிசுக் கடிதத்துக்குச் சமயம் பார்த்துக் கேட்க வேண்டும். பாதிரியார் இப்போது அச்சு வேலையில் மூழ்கியிருக்கிறார். அதுவரை ஆறிய தேநீரால் கண்ணைக் கழுவுங்கள்.

ஆம்ப்ரோஸ்


ரிவெலின் கரை,
பிப்ரவரி 17

ஆம்ப்ரோஸ்,

உன் முட்டை வீணாய்ப் போனதற்கு வருத்தம்.

மணல் கதையை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். “மணல் இல்லையாமா? அப்போ நாப்பது வருஷமா என் கண்ணுக்குள்ள இருக்கிறது என்னவாம்? அவன வந்து தொட்டுப் பாக்கச் சொல்லு” என்று சிரித்தார். சிரித்ததில் கண்ணிலிருந்து வழிந்தது. துடைக்கத் துணி எட்டவில்லை, உன் சீட்டு ஒன்று மேஜையில் கிடந்தது, அதனால் ஒற்றினேன். நல்ல காகிதம். நன்றாக உறிஞ்சுகிறது.

மஞ்சளா பச்சையா என்று கேட்டாய். இந்த வாரம் மஞ்சள். நாற்றமும் உண்டு. அதற்கும் சொல் இருக்கிறதா என்று கேட்பாய். படிக்கும்போதே எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? அழுகிய மீனை மூக்கின் கீழே வைத்துக்கொண்டு அதன் வயதை விசாரிக்கிறவனைப் போல இருந்தது. சீ! பெற்ற தகப்பன் கண்ணடா அது.

நான் இதையே அவரிடமும் சொன்னேன். அவர்தான் என்னை அடக்கினார். “விடு புள்ள. அவன் கேக்குறது நம்மகிட்ட இருக்கு, நம்ம கேக்குறது அவன்கிட்ட இருக்கு. சொல்லக் குடுத்துட்டு காயிதத்த வாங்கு” என்றார். அன்று முழுக்க நெருப்பருகே உட்கார்ந்து, அவர் அப்பா சொன்னது, அம்மா சொன்னது, பட்டறையில் செத்துப் போனவர்கள் சொன்னது என்று தேடித் தேடிக் கொடுத்தார். முப்பத்திரண்டு சீட்டு. முன்பு வந்தவற்றோடு நாற்பத்தொன்று. போதுமா?

நேற்றுவரை ஜன்னலில் நான்கு கண்ணாடி தெரிந்ததாம். இன்றைக்கு ஜன்னல் மட்டும் தெரிகிறதாம். டாக்டர் சொன்ன மூன்று வாரத்தில் ஒரு வாரத்தை நீ சமயம் பார்ப்பதிலேயே தின்றுவிட்டாய்.

கெசையா


யார்க்,
பிப்ரவரி 23

அன்புள்ள அக்கா,

இதோடு சிபாரிசுக் கடிதம் இருக்கிறது. மார்ச் 2, வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். கேட்டேன், வாங்கினேன். இனி என்னைத் திட்டாதே.

ஆனால் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கடிதத்தில் ‘ரூபன் மார்பிள்ஸ், சாணைத் தொழிலாளி’ என்று இருக்கும். நம் ஸ்டானிஃபோர்த் அல்ல, அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர். சீட்டுகளிலும் அதையே நிரப்பினேன். நான் இங்கே வேலைக்குச் சேர்ந்தபோது என் தகப்பனார் பள்ளி ஆசிரியர் என்றும் காலமாகிவிட்டார் என்றும் சொல்லிவிட்டேன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. ஒரு தடவை சொன்னதை இத்தனை வருஷம் கழித்து எப்படி மாற்றுவது? அதிலும் என் பெயர் முகப்பில் வரும் சமயத்தில்? பெயரில் என்ன இருக்கிறது அக்கா, கண் பிழைத்தால் போதாதா? வாசலில் குமாஸ்தா கேட்டால் அப்பா “மார்பிள்ஸ்” என்று சொன்னால் முடிந்தது.

என்னை அங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

ஆம்ப்ரோஸ்


ரிவெலின் கரை,
மார்ச் 4

உன்னை அங்கே எதிர்பார்க்க வேண்டாம் என்று எழுதினாய். நாங்கள் எதிர்பார்க்கவில்லை. நீதான் வந்து நின்றாய்.

என்ன நடந்தது என்று உனக்கே தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். உன் பக்கத்திலிருந்து அது எப்படித் தெரிந்ததோ, என் பக்கத்திலிருந்து எப்படித் தெரிந்தது என்று நீ படித்தே ஆக வேண்டும்.

ரயிலில் மூன்று முறை சொல்லிக் கொடுத்தேன். “உன் மாமனார் பேருதானே, ஒண்ணும் கொறஞ்சு போயிரமாட்டே” என்றேன். “சரி சரி, மார்பிள்ஸ், மார்பிள்ஸ்” என்றார். குமாஸ்தா மேஜைக்கு முன்னால் நிற்கும்போது பின்னாலிருந்து உன் குரல் கேட்டது. “இதோ, இவராகத்தான் இருக்க வேண்டும் ஐயா.” உன் பாதிரியார், கௌண்ட் சொன்ன கிழவரைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டு உன்னையும் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார். கையில் சீட்டுக் கட்டு வேறு. அப்பாவுக்கு முகம் தெரியவில்லை. ஆனால் தலையைத் தூக்கினார்.

குமாஸ்தா “பேரு?” என்றான். “ரூபன் ஸ்டானிஃபோர்த்” என்றார்.

“கடுதாசியில மார்பிள்ஸ்னு போட்டிருக்கே?”

“எம் பேரு ஸ்டானிஃபோர்த்.”

கடிதத்தை எங்கேயோ காசு கொடுத்து வாங்கி வந்திருக்கிறோம், இப்படித் தினமும் பத்து பேர் வருகிறார்கள் என்று அவன் சத்தம் போட்டான். பாதிரியார் நல்ல மனிதர், உன் பக்கம் திரும்பினார். “ஸ்டானிஃபோர்த் என்கிறாரே, உன் குலப் பெயராயிற்றே?” நீ சிரித்தாய் ஆம்ப்ரோஸ். சிரித்துவிட்டு, “எங்க பக்கம் கல்ல எறிஞ்சா ஒரு ஸ்டானிஃபோர்த் தலையிலதான் விழும் ஐயா” என்றாய். “நம் மார்பிள்ஸ் இவர்தானா?” என்று கேட்டார். “எனக்குத் தபாலில்தான் பழக்கம் ஐயா, நேரில் பார்த்ததில்லை” என்றாய்.

ஒரு வார்த்தை போதும். ‘இவர் என் அப்பா’ என்று. நாற்பத்தொரு சொல் வாங்கினவனுக்கு அந்த ஒன்று வாயில் வரவில்லை.

நான் ஏன் பேசவில்லை என்று நினைத்திருப்பாய். அப்பா என் மணிக்கட்டை முறுக்கிப் பிடித்திருந்தார். நீலம் இன்னும் போகவில்லை.

எங்களை வெளியே போகச் சொன்ன பிறகும் நீ விடவில்லை. பாதிரியார் கேட்டார் என்று, அப்பாவின் இமை ஓரத்தைப் பென்சிலால் சுட்டிக் காட்டி, “பெரியவரே, இதுக்கு உங்க ஊர்ல என்ன சொல்லுவாங்க?” என்றாய். அவர் சொன்னார். நீ எழுதிக்கொண்டாய். பொறியை நாக்கால் எடுத்தபோது கூட எனக்கு வாந்தி வரவில்லை. அந்தப் பென்சிலைப் பார்த்து வந்தது. ஆஸ்பத்திரிச் சுவர் ஓரமாக நின்று எடுத்தேன்.

திரும்பும்போது ரயிலில் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னே என்று. “அவன் கொரல் கேட்டுச்சு புள்ள. பெத்தவன் பேர அவன் முன்னாடியே மாத்திச் சொன்னா, அவனுக்குக் கேவலமா இருக்காதா? நான் சரியாச் சொன்னா அவனும் சொல்லுவான்னு நெனச்சேன்” என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, “நல்லாத்தான் பேசுறான். படிச்சவன் பேச்சு” என்றார்.

கெசையா


யார்க்,
மார்ச் 9

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நான் சிரித்தது உண்மை. பயத்தில் மனிதன் சிரிப்பான். அது உனக்குப் புரியாது, நீ யாரிடமும் பயந்து பிழைத்தவள் அல்ல. அப்பா ஒரே ஒரு பெயரை மாற்றிச் சொல்லியிருந்தால் இப்போது கட்டிலில் படுத்து வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பார். பிடிவாதம் அவருடையது, பழி எனக்கா?

ஏப்ரலில் பாதிரியாருக்குப் புதுக் கடிதங்கள் வரும். அப்போது எப்படியாவது சரியான பெயரில் ஒன்று வாங்கப் பார்க்கிறேன். சத்தியம்.

அச்சுக்குப் போகும் முன் பார்க்கும் தாள் ஒன்று இதோடு இருக்கிறது. அப்பாவுக்குப் படித்துக் காட்டு. பெருமைப்படுவார். அவர் சொற்கள் எல்லாம் இருக்கின்றன. கீழே, ‘இச்சொற்களைத் தந்தவர் ரூ. மார்பிள்ஸ், சாணைத் தொழிலாளி, பின்னர் முழுக் குருடரானார்’ என்று ஒரு வரி வரும். அது பாதிரியார் சேர்த்தது. நீங்கள் போன பிறகு, அப்பா சொன்ன சொல்லை வைத்து அவர்தான் மார்பிள்ஸ் என்று பாதிரியார் ஊகித்துக்கொண்டார், அந்தக் கண் பிழைக்காது என்பதும் பார்த்தபோதே அவருக்குத் தெரிந்துவிட்டது. புத்தகம் வெளிவரும்போது எப்படியும் அது சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். நீ மனதில் வைத்துக்கொள்ளாதே.

இன்னும் ஒரு சொல்தான் பாக்கி. பார்வை அடியோடு போய்விட்டால் எங்கும் ‘கற்குருடு’ என்கிறார்கள், அது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. பட்டறையில் வேறு சொல் உண்டா? சமயம் வரும்போது கேட்டு எழுது.

ஆம்ப்ரோஸ்


ரிவெலின் கரை,
மார்ச் 20

ஆம்ப்ரோஸ்,

சமயம் வந்துவிட்டது. போன செவ்வாய்க்கிழமை காலையில் “ஏ புள்ள, இன்னுமா விடியல?” என்று கேட்டார். பத்து மணி. வெயில் அவர் முகத்தின் மேலேயே அடித்துக்கொண்டிருந்தது. விளக்கை ஏற்றிக் கண்ணருகே கொண்டு போனேன். சூடு தெரிகிறது, வெளிச்சம் தெரியவில்லை என்றார். உன் தாளில் அச்சாகியிருந்தது சரியாகிவிட்டது. நீ திருத்த வேண்டியதில்லை.

தாளை அவருக்குப் படித்துக் காட்டினேன், நீ சொன்னபடி. கடைசி வரியையும் விடவில்லை. “அச்சுல ஏறிருச்சா?” என்றார். “இன்னும் இல்ல” என்றேன். “எம் பேரு இல்லையா அதுல?” என்றார். “இல்லப்பா” என்றேன். கடைசிச் சொல்லைக் கேட்டேன். “அதுக்கு நாங்க சொல்லு வெச்சுக்கல. அந்த ஆளுக்கு ஒரு நாற்காலி போட்டுக் குடுப்போம், அவ்வளவுதான்” என்றார். நாற்காலி போட்டிருக்கிறேன். நெருப்புப் பக்கம்.

பாதிரியாருக்கு எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன் என்று கிளம்பினேன். அப்பா கையை நீட்டிக் காற்றில் என்னைத் தேடினார். “அவருக்குக் கடுதாசி கிடுதாசி எழுதாத. அவன் சோத்துல மண்ணப் போடாத புள்ள” என்றார். உன்னைக் காரி உமிழ வேண்டிய வாயால் அதைச் சொன்னார். எனக்கு உன் மேல் வந்த அருவருப்பு அந்த நிமிஷம் அவர் மேலும் வந்தது, கடவுள் மன்னிக்கட்டும். ஆனாலும் சத்தியம் செய்து கொடுத்தேன். பாதிரியாருக்குக் கடிதம் எழுதமாட்டேன். எழுதவும் இல்லை.

நீ நூறு சீட்டு அனுப்பினாய். நாற்பத்தொன்று உன் அலுவலகத்துக்கு வந்துவிட்டன. மீதி ஐம்பத்தொன்பது. ஒரு மாதமாக அப்பாவின் கண்ணைத் துடைத்தவை அவைதான். காய்ந்து மொரமொரவென்று இருக்கின்றன. மஞ்சளா பச்சையா என்று கேட்டாயே, தொடக்கத்தில் மஞ்சள், பிறகு பச்சை, கடைசிப் பத்தில் ரத்தமும் சேர்ந்திருக்கிறது. தேதிப்படி அடுக்கியிருக்கிறேன். மேல் சீட்டில் மட்டும் ‘கௌண்ட்’ என்று எழுதினேன், பொருளுக்குப் பதிலாகப் பொருளையே வைத்திருக்கிறேன்.

கீழே இருக்கும் கட்டத்தைத் தொடாதே என்றாய். இத்தனை நாள் தொடவில்லை. இப்போது ஐம்பத்தொன்பதிலும் நிரப்பிவிட்டேன், நல்ல கையெழுத்தில். ‘தந்தவர்: ரூபன் ஸ்டானிஃபோர்த். தொழில்: சாணை பிடித்தல். குடும்பம்: மகள் கெசையா, மகன் ஆம்ப்ரோஸ், யார்க் அகராதி அலுவலகத்தில் வேலை.’

சீட்டுக் கட்டை அலுவலக முகவரிக்குத்தான் அனுப்பினேன். சொந்த விஷயம் எதுவும் உள்ளே வைக்கவில்லை. இந்தக் கடிதத்துக்கு முந்தைய தபாலில் போயிருக்கிறது. நீ இதைப் படிக்கும்போது பாதிரியார் பிரித்திருப்பார்.

கேட்டதைக் கேட்டபடி எழுதினேன். ஒன்றையும் திருத்தவில்லை.

கெசையா